கார் டயருக்கு எவ்வளவு காற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் கார் வைத்திருப்பவர்கள், அலுவலகத்தில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள், ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் இரவு போன் செய்யும் சொந்தக்காரர்கள் என்று பலரும் என்னிடம் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்னை வெயிலையும் மழையையும் ரோட்டையும் மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. குடும்பத்தோடு போகும் கார்களுக்கு மட்டும் இது பொருந்தும். லாரி, வேன், பைக் கணக்கெல்லாம் வேறு.

பங்க்ல "எவ்வளவு சார் வைக்கணும்?"னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?

உங்கள் காரிலேயே விடை ஒட்டியிருக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரியும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். எங்குமே இல்லையென்றால் வண்டியோடு கொடுத்த கையேட்டில் கட்டாயம் இருக்கும். அந்த எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

சின்ன கார்களுக்கும் நடுத்தரக் கார்களுக்கும் அது பெரும்பாலும் 30-லிருந்து 36 பிஎஸ்ஐக்குள் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரும். அதற்காக "எல்லா வண்டிக்கும் 35 போதும் சார்" என்று காற்றடிக்கும் தம்பி சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டியின் எடை, சஸ்பென்ஷன், டயர் அளவு எல்லாவற்றையும் வைத்து, ஓட்டிப் பார்த்து, கார் நிறுவனம் முடிவு செய்த எண் அது. இப்போதே கீழே போய் அந்த ஸ்டிக்கரைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் வரிசையில் நிற்கும்போது கதவைத் திறந்து குனிந்து தேட வேண்டியிருக்காது.

ஸ்டிக்கர்ல நாலஞ்சு நம்பர் இருக்கே, எதைப் பார்க்கணும்?

முதலில் டயர் அளவு. ஒரே மாடலின் விலை குறைந்த வகைக்கு 14 அங்குல ரிம்மும் விலை கூடியதற்கு 15 அங்குல ரிம்மும் வரலாம். உங்கள் டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு எந்த வரியோடு பொருந்துகிறதோ, அந்த வரிதான் உங்களுக்கு. அந்த வரியில் முன் டயருக்கு ஒன்று, பின் டயருக்கு ஒன்று இருக்கும். அப்புறம் இரண்டு மூன்று பேர் மட்டும் போகும்போது ஒன்று, ஆளும் சாமானும் நிறைய ஏற்றும்போது ஒன்று என்று பிரித்திருப்பார்கள்.

எண்கள் 2.3 என்றோ 230 என்றோ இருந்தால் பயப்பட வேண்டாம். 2.3 பார், 230 கிலோபாஸ்கல், 33 பிஎஸ்ஐ மூன்றும் ஒன்றுதான். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. நம் ஊர் பங்குகளில் பேசுவதெல்லாம் பிஎஸ்ஐ கணக்குதான்.

டயர் மேலேயே 44னு போட்டிருக்கு. அதுதானே டயர் கம்பெனி சொல்ற அளவு?

இல்லை. டயரின் பக்கவாட்டில் 44 என்றோ 51 என்றோ இருப்பது அந்த டயருக்கு அடிக்கக்கூடிய உச்ச அளவு. அதற்கு மேல் போகாதே என்பதுதான் அதன் பொருள். இதுவரை நிரப்பு என்று அது சொல்லவில்லை.

ஒரகடத்தில் தயாராகும் ஒரு டயர், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் காரிலும் ஏறலாம், வடக்கே எங்கோ தயாராகும் வேறொரு காரிலும் ஏறலாம். அந்த இரண்டு கார்களின் எடையும் ஒன்றல்ல. எந்த வண்டியில் ஏறப்போகிறது என்று டயர் செய்பவருக்குத் தெரியாது. அதனால் டயரின் எல்லையை மட்டும் அவர் எழுதுகிறார். காருக்கு எவ்வளவு என்பதைக் கார் செய்தவர் கதவில் எழுதுகிறார்.

"டயர் கூலா இருக்கும்போது பாருங்க"ன்னா என்ன? நம்ம ஊர்ல எப்ப டயர் கூலா இருக்கும்?

ஓடிச் சூடேறாத டயர் என்றுதான் அதற்கு அர்த்தம். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். ஸ்டிக்கரில் உள்ள எண் இந்த நிலைக்கானது. ஓடினால் டயர் வளைந்து நெளிந்து சூடாகி, உள்ளே அழுத்தம் சாதாரணமாக 3-லிருந்து 5 பிஎஸ்ஐ வரை ஏறும்.

மே மாதத்தில் நம் ஊரில் நின்ற டயரே 35 டிகிரியில் இருக்கலாம். பரவாயில்லை, அதுவும் "கூல்" கணக்கில்தான் சேரும். ஆனால் தெருவோரம் நிறுத்திய வண்டியில் ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால், அந்தப் பக்க டயர்கள் நிழல் பக்கத்தைவிட இரண்டு மூன்று பாயிண்ட் (அதாவது பிஎஸ்ஐ) கூடக் காட்டும். அதைப் பார்த்து "இந்தப் பக்கம் காற்று அதிகம்" என்று இறக்கிவிடக் கூடாது. விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். அதைவிட நல்ல நேரம் சென்னையில் இல்லை.

பங்க் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. போறதுக்குள்ள சூடாயிடுமே, அப்ப எப்படி?

இதற்கு எளிய வழி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு ஒரு நல்ல காற்று மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வீட்டிலேயே நான்கு டயரையும் அளந்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முன் இடது டயரில் 33 இருக்க வேண்டும், 28 இருக்கிறது என்றால் குறைவது 5. பங்குக்குப் போனதும் மிஷின் அந்த டயரில் 31 காட்டினால் 36 வரை அடிக்கச் சொல்லுங்கள். அங்கே என்ன காட்டினாலும் அதோடு 5 கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆறிய பிறகு 33-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

மீட்டர் இல்லையென்றால், சூடான டயரில் ஸ்டிக்கர் எண்ணைவிட 3 கூட வைத்துக்கொண்டு வந்து, அடுத்த வாய்ப்பில் ஆறிய நிலையில் சரிபாருங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன ஏர் பம்ப் ஒன்று டிக்கியில் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும்.

செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்து பார்த்தா 38 காட்டுது. கொஞ்சம் இறக்கிடவா?

இறக்காதீர்கள். மேலே சொன்ன 3-லிருந்து 5 ஏற்றம்தான் இது. இப்போது 33-க்கு இறக்கினால், ராத்திரி ஆறியதும் 28 ஆகிவிடும். மறுநாள் குறைந்த காற்றோடு வண்டியை எடுப்பீர்கள்.

ஆறின டயரிலேயே 38 இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

அக்னி நட்சத்திரத்துல ரெண்டு மூணு பாயிண்ட் கம்மியா வைக்கணும், இல்லன்னா வெடிச்சிடும்னு டிரைவர் அண்ணன் சொல்றாரே?

தயவுசெய்து வேண்டாம். நான் கேட்கும் தவறான யோசனைகளிலேயே ஆபத்து அதிகமானது இதுதான். காற்று சூடானால் விரியும், அதற்கு இடம் விட்டு வைக்க வேண்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கார் டயரில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. காலையில் 30 டிகிரியில் காற்றடித்த வண்டியை அந்த வெயிலில் எடுத்திருந்தாலும், வெயிலால் கூடியது இரண்டரை பிஎஸ்ஐதான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள டயர் வெடிக்கும் அழுத்தம் எங்கோ இருக்கிறது. இந்த ஏற்றங்களையெல்லாம் எதிர்பார்த்துத்தான் ஸ்டிக்கர் எண்ணை வைத்திருக்கிறார்கள்.

டயரைக் கொல்வது காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டுச் சுவர் அதிகமாக மடங்கி நிமிரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் இது நிமிடத்துக்கு 800, 900 முறை நடக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் கொதிக்குமே, அதேதான். உள்ளே ரப்பரும் கம்பி அடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்தவர், வெயிலைவிடப் பெரிய சூட்டை டயருக்குள்ளேயே உண்டாக்குகிறார். சிமெண்ட் ரோட்டில்தான் டயர் வெடிக்கிறது என்று சொல்வதும் இப்படித்தான். குறைந்த காற்று, கூடுதல் பாரம், பழைய டயர், நிற்காத வேகம் எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. சிமெண்ட் தனியாக எதையும் வெடிக்க வைப்பதில்லை.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடியவை. டயர் தயாரிப்பில் குறை இருந்தது. அதோடு அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட 26 பிஎஸ்ஐ என்ற குறைந்த அழுத்தம் பற்றியும் பெரிய விவாதம் எழுந்தது. அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் வேகமாக ஓடும்போது பட்டன் பகுதி (தரையைத் தொடும், பள்ளக் கோடுகள் உள்ள மேல்பகுதி) தனியாகக் கழன்று வண்டிகள் கவிழ்ந்தன. டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியைப் புதுக் கார்களில் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே வந்தது அதற்குப் பிறகுதான்.

அப்ப மார்கழிக் குளிருக்கு?

நம் ஊரில் தனியாக எதுவும் வேண்டாம். மே மாதத்தில் 38 டிகிரியில் 33 வைத்த டயர், ஜனவரி விடிகாலை 21 டிகிரியில் இரண்டரை பிஎஸ்ஐ குறைவாகக் காட்டும். மாதாமாதம் பார்த்தால் அது தானாகவே சரியாகிவிடும்.

நைட்ரஜன் அடிச்சா சூடே ஆகாதாமே? காசு கொடுத்து அடிக்கலாமா?

நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் அழுத்தம் ஏறுவது நைட்ரஜனிலும் ஏறக்குறைய அதே அளவில் நடக்கும். "சூடே ஆகாது, அழுத்தம் ஏறவே ஏறாது" என்பது உண்மை இல்லை. நைட்ரஜனுக்கு உண்மையான நன்மைகளும் உண்டு. ரப்பர் வழியாகக் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது. விமானத்துக்கும் பந்தயக் காருக்கும் அது தேவை. வேளச்சேரியிலிருந்து கிண்டி போய் வரும் காருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

எண்ணெய் நிறுவனங்களின் விதிப்படி பங்கில் சாதாரணக் காற்று இலவசம். அதை மாதாமாதம் சரியாக வைத்திருப்பவர், நைட்ரஜன் அடித்துவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காதவரைவிட நல்ல நிலையில் இருப்பார். ஏற்கெனவே நைட்ரஜன் இருந்தால் அதன் மேல் சாதாரணக் காற்று அடிக்கலாமா என்றும் கேட்பார்கள். தாராளமாக அடிக்கலாம், ஒன்றும் ஆகாது.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பார்க்கணும்?

மாதம் ஒருமுறை. நெடும்பயணம் என்றால் கிளம்பும் முன் இன்னொரு முறை. ஓட்டையே இல்லாத நல்ல டயரும் மாதம் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இழக்கும். சர்வீஸுக்கு விடும்போது மட்டும் பார்ப்பவர்கள் ஆறு மாதத்தில் 33-லிருந்து 25-க்கு வந்திருப்பார்கள், அவர்களுக்குத் தெரியாமலேயே.

கண்ணால பார்த்தாலே, காலால உதைச்சுப் பார்த்தாலே தெரியுமே?

தெரியாது. இப்போதைய ரேடியல் டயர்கள் சரியான காற்றிலும் கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். 7, 8 பிஎஸ்ஐ குறைந்தாலும் அனுபவசாலிகளின் கண்ணுக்கே தப்பும். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிகிறது என்றால் நிலைமை முற்றிவிட்டது.

பங்க் மிஷின்ல 33 வெச்சேன், வீட்டு மீட்டர்ல 30 காட்டுது. எதை நம்ப?

பங்கில் சூடாக இருந்தபோது வைத்து, வீட்டில் ஆறிய பிறகு பார்த்திருந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தும் வித்தியாசம் வந்தால், நான் வீட்டு மீட்டரையே நம்புவேன். பங்கின் குழாய் நாள் முழுக்கத் தரையில் விழுந்து, வண்டி ஏறி, மழையில் நனைகிறது. உங்கள் மீட்டரையும் ஒருமுறை நல்ல டயர் கடையில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள். அது ஒரு பாயிண்ட் கூடக் காட்டுகிறது என்று தெரிந்தால், அதை மனதில் வைத்துக்கொண்டு எப்போதும் அந்த ஒரே மீட்டரையே பயன்படுத்துங்கள்.

அஞ்சு பேர் திருப்பதி போறோம், டிக்கி ஃபுல். காத்தைக் கூட்டணுமா?

கூட்ட வேண்டும். ஸ்டிக்கரில் நிறை பாரத்துக்கென்று தனி எண் இருப்பது இதற்காகத்தான். பெரும்பாலும் பின் டயருக்குத்தான் அதிகம் கூடியிருக்கும், ஏனென்றால் பின் சீட்டு ஆட்களும் டிக்கிச் சாமானும் அங்கேதான் இறங்குகின்றன. கிளம்பும் நாள் காலையில், ஆறின டயரில், அந்த எண்ணுக்கு வையுங்கள். திரும்பி வந்து தனியாக அலுவலகம் போகத் தொடங்கியதும் பழைய எண்ணுக்கு இறக்குங்கள்.

டயர் அளவுக்குப் பக்கத்தில் 82, 88 என்று ஓர் எண் இருக்கும். அது அந்த டயர் தூக்கும் எடையின் குறியீடு: 82 என்றால் 475 கிலோ, 88 என்றால் 560 கிலோ. ஆனால் அந்த எடையை அது முழுக் காற்றில்தான் தூக்கும். காற்று குறையக் குறையத் தூக்கும் திறனும் குறையும். குடும்பமே ஏறியிருக்கும் நாளில்தான் டயருக்கு முழுப் பலம் வேண்டும்.

ஊட்டி மேல ஏறும்போது காத்தைக் குறைக்கணுமாமே?

நிறையப் பேர் கேட்பது இது. இதன் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய மூன்றரை பிஎஸ்ஐ குறைவு. மீட்டர் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே உயரத்தால் மட்டும் மீட்டரில் மூன்றரை கூடும். ஆனால் அங்கே குளிரும் இருக்கிறதே. சென்னையில் 35 டிகிரியில் 33 வைத்துக்கொண்டு போய், ஊட்டியில் 12 டிகிரியில் காலையில் பார்த்தால், குளிரால் அதே மூன்றரை குறைந்திருக்கும். கூட்டிக் கழித்தால் மீட்டர் திரும்ப 33-லேயே நிற்கும்!

ஆகவே எதையும் தொடாதீர்கள். மேலே போய்க் குறைத்துவிட்டு, அப்படியே இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுப்பவர்கள்தான் சிக்கலை இழுத்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்துல காத்து கம்மியா இருந்தா கிரிப் கூடும்தானே?

சேற்றிலும் மணலிலும் மெதுவாகப் போகும்போது அது உண்மை. தண்ணீர் நிற்கும் தார் ரோட்டில் நேர் எதிர். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் நீரை ஒதுக்க முடியாமல் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது. 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து ஆராய்ந்து ஒரு சூத்திரம் கண்டது. அழுத்தம் குறைந்தால் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும். அந்தச் சூத்திரத்தில் 33 பிஎஸ்ஐ போட்டால் மணிக்கு 96 கிலோமீட்டர் வருகிறது. 25 போட்டால் 83. காரில் பட்டனின் ஆழம், டயர் அகலம், நீரின் ஆழம் எல்லாம் சேர்ந்து இந்த எண்களை மாற்றும். தேய்ந்த டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும். ஆனால் காற்று குறைந்தால் ஆபத்து கூடும் என்ற திசை மாறாது.

ஐப்பசி அடைமழையில் ஓஎம்ஆரிலும் ஈசிஆரிலும் போகிறவர்கள் மழைக்கு முன்பே காற்றையும் பட்டனையும் பார்த்துவிட வேண்டும். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றுவது சட்டப்படியும் கட்டாயம். நான் அதற்கு வெகு முன்பே, மழைக்கு முன்னால், மாற்றச் சொல்வேன்.

40 வெச்சா மைலேஜ் கூடும்னு ஒருத்தர் சொன்னார். வைக்கலாமா?

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு: நான்கு டயரின் சராசரி அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 சதவீதம் குறையும். லிட்டருக்கு 18 கொடுக்கும் வண்டியில் 5 பிஎஸ்ஐ குறைந்தால் 17.8 ஆகும். இதை இழக்காமல் இருப்பது நல்லது. அதற்காகச் சரியான அளவுக்கு மேல் போனால் கிடைக்கும் லாபமும் இவ்வளவு சின்னதுதான். கொடுக்கும் விலையோ பெரிது. டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு நடுவிலேயே தேயும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஒவ்வொரு பள்ளமும் நேராக சஸ்பென்ஷனுக்கும் உங்கள் இடுப்புக்கும் போகும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. உங்கள் டயரையே பார்த்துப் படித்துக்கொள்ளலாம்.

வயசானவங்க வர்றாங்க, மெத்துனு போகணும். 28 வைக்கலாமா?

வேண்டாம். மெட்ரோ வேலை நடக்கும் ரோடுகளில் பள்ளத்தின் விளிம்பில் ஏறும்போது, காற்று குறைந்த டயர் ரிம் வரை நசுங்கும். பக்கவாட்டில் உள்நூல் அறுந்து ஒரு புடைப்பு கிளம்பும். அந்த டயரைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. பெரியவர்களுக்காக வேகத்தைக் குறையுங்கள், காற்றைக் குறைக்காதீர்கள். ஸ்டிக்கரில் குறைந்த பாரத்துக்கு உள்ள எண்ணே ஓரளவு மெத்தென்றுதான் இருக்கும்.

வண்டி இடது பக்கமா இழுக்குது. அலைன்மென்ட் பண்ணணுமா?

முதலில் காற்றைப் பாருங்கள். முன்னால் ஒரு பக்கம் 33, மறுபக்கம் 27 இருந்தாலே குறைந்த பக்கம் இழுக்கும். காற்றைச் சரிசெய்த பிறகும் இழுத்தால், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டுக்குப் போங்கள். இன்னொன்று: முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டால், முன்னும் பின்னும் வேறு வேறு எண் உள்ள வண்டியில் காற்றையும் திரும்ப வைக்க வேண்டும். கடைக்காரர்கள் இதைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு டயர் மட்டும் வாராவாரம் இறங்குது. பஞ்சர் கடையில ஓட்டையே இல்லைங்கிறாங்க.

சோப்பு நீரை மூன்று இடத்தில் ஊற்றி, குமிழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்: பட்டன் பகுதி, வால்வு, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு. பலர் முதல் இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். வால்வின் உள்ளே இருக்கும் பின் பழுதாகியிருக்கலாம்; மாற்றச் செலவு மிகக் குறைவு. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடித்து அங்கே கசிவதும் உண்டு. டயரைக் கழற்றி விளிம்பைச் சுத்தம் செய்தால் சரியாகும். வால்வு மூடி தொலைந்திருந்தால் உடனே ஒன்று போடுங்கள். மண் உள்ளே போகாமல் அதுதான் காக்கிறது.

டியூப்லெஸ்தானே என்று இறங்கிய காற்றிலேயே நாள் கணக்கில் ஓட்ட வேண்டாம். அப்படி ஓட்டினால் பக்கவாட்டுச் சுவர் உள்ளுக்குள் நைந்துவிடும். அப்புறம் எத்தனை காற்றடித்தாலும் அந்த டயரை நம்ப முடியாது.

டயர் பிரஷர் லைட் எரியலையே, அப்ப எல்லாம் சரிதானே?

அந்த விளக்கு காற்று குறையத் தொடங்கியதும் எரிவதில்லை, நன்றாகக் குறைந்த பிறகுதான் எரியும். அமெரிக்க விதிப்படி சொன்ன அளவைவிட 25 சதவீதம் குறையும்போது எரிய வேண்டும்; அதாவது 33 வைக்க வேண்டிய வண்டியில் 25 ஆகும்வரை அது பேசாமல் இருக்கலாம். வால்விலேயே சென்சார் உள்ள வண்டிகள் ஒவ்வொரு டயரின் எண்ணையும் திரையில் காட்டும், அது நல்ல வசதி. சில வண்டிகளில் தனி சென்சார் கிடையாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சாரை வைத்து, எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்துக் கணிக்கும். அந்த வகையில் நான்கும் ஒன்றாகக் குறைந்தால் கண்டுபிடிக்கத் தடுமாறும். காற்றை ஆறின டயரில் சரியாக வைத்த பிறகு ரீசெட் பொத்தானை அழுத்தவும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் தவறான அளவையே அது சரியென்று எடுத்துக்கொள்ளும்.

ஸ்டெப்னிக்கு எவ்வளவு?

மற்ற நான்கின் அதே அளவு டயர் என்றால், நிறை பாரத்துக்குச் சொன்ன எண்களில் பெரியதை வையுங்கள். மாட்டும்போது தேவையான அளவுக்கு இறக்கிக்கொள்ளலாம். ஒல்லியான ஸ்டெப்னி என்றால் கணக்கே வேறு: பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ கேட்கும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் அதன் மேலேயே எழுதியிருக்கும். அதற்கு 33 வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

புதுக் கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னியே இருக்காது. டியூப்லெஸ் டயர், அழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. உங்கள் டிக்கியில் எது இருக்கிறது என்று ரோட்டில் நிற்பதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

எட்டு வருஷ டயர், ஆனா பட்டன் நல்லா இருக்கு. காத்தைக் கரெக்டா வெச்சா ஓட்டலாமா?

காற்று வயதைக் குறைக்காது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் ஒரு நல்ல கடையில் கழற்றிக் காட்டுங்கள். எட்டு வருடம் சென்னை வெயிலில் நின்ற டயரில் நான் என் வீட்டாரை ஏற்றி நெடுஞ்சாலைக்குப் போக மாட்டேன்.

ஒரிஜினல் சைஸை விட்டு அகலமான டயர் போட்டுட்டேன். இப்ப ஸ்டிக்கர் நம்பர் செல்லுமா?

மேலே திருப்பதி கேள்வியில் சொன்ன எடைக் குறியீட்டைப் பாருங்கள். அது பழைய டயருக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஸ்டிக்கர் எண்ணிலிருந்தே தொடங்கலாம். குறைவாக இருந்தால் அந்த டயரையே போட்டிருக்கக் கூடாது.

புது டயரில் எக்ஸ்எல் என்ற எழுத்துகள் இருந்தால் கவனம் தேவை. அது கூடுதல் பாரம் தாங்கும் வகை, ஆனால் அந்தக் கூடுதலைக் கூடுதல் அழுத்தத்தில்தான் தாங்கும். சாதாரண டயர் தன் முழு எடையைத் தூக்குவது 2.5 பாரில், அதாவது 36 பிஎஸ்ஐயில். எக்ஸ்எல் வகை 2.9 பாரில், 42 பிஎஸ்ஐயில். ஆகவே அதே எடையைச் சுமக்க அதற்குச் சில பாயிண்ட் கூடத் தேவைப்படலாம். எவ்வளவு என்று டயர் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட கடையில், காரின் மாடலைச் சொல்லிக் கேளுங்கள்; அவர்களிடம் அட்டவணை இருக்கும்.

மூணு மாசம் பையன்கிட்ட வெளிநாடு போறோம். வண்டி சும்மா நிக்கும். காத்து?

கிளம்பும் முன் ஸ்டிக்கர் எண்ணைவிட மூன்று நான்கு பாயிண்ட் கூட வையுங்கள், டயரின் உச்ச அளவைத் தாண்டாமல். ஒரே இடத்தில் நின்றால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகும். காற்று கூட இருந்தால் அது குறையும், மூன்று மாதக் கசிவுக்கும் ஈடாகும். நிழலில் நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலடி முன்னால் நகர்த்தி வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அளந்து, ஸ்டிக்கர் எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகு எடுங்கள். முதல் சில கிலோமீட்டர் வண்டி லேசாக அதிர்ந்தால், டயர் சூடேறியதும் பெரும்பாலும் அது போய்விடும். போகவில்லையென்றால் கடையில் காட்டுங்கள்.